தையல்காரர், குஞ்சத் தொப்பி ஆள், சன்னலோரப் பெண்: இந்தக் கார்ட்டூன் எந்தக் காலத்தது?

செங்கதிர்_வகுப்பறை கேட்டது:

வணக்கம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். பனிப்போர் பாடத்துக்குப் படங்கள் தேடும்போது பழைய ஜெராக்ஸ் கட்டு ஒன்று கையில் கிடைத்தது. அதில் ஒரு கார்ட்டூன். அடியில் தலைப்பு இருந்த பகுதி கிழிந்துவிட்டது, வரைந்தவர் கையெழுத்தும் மசியாகிவிட்டது, எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றும் தெரியவில்லை. ஸ்கேன் செய்தால் வெறும் கறுப்பாக வருகிறது, அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் ஒரு தையற்கடை. தையல்காரர் ஒல்லி, நெட்டை, நட்சத்திரம் போட்ட உயரத் தொப்பி, ஆட்டுத்தாடி. அது அங்கிள் சாம், அமெரிக்கா, அதுவரை தெரிகிறது. அவர் கையில் இஞ்ச் டேப். அவர் முன்னால் ஒரு பருத்த ஆள் இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறார், தலையில் குஞ்சம் வைத்துத் தொங்குகிற துணித்தொப்பி. உடம்பில் பாதி தைத்த ராணுவக் கோட்டு, அதில் 12 என்று எழுதிய சீட்டு. பின்னால் ஒரு அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, உள்ளே பழைய எஃகுத் தொப்பியும் ஒரு ஜோடி பூட்ஸும். சன்னலுக்கு வெளியே ஒரு பெண், முன்பக்கம் மடிந்து விழும் தொப்பி போட்டவள், கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் கொடுத்ததைப் பற்றிய படம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் துணித்தொப்பி எதற்கு? 12 என்ன? அந்தப் பெண் யார்? வகுப்பில் ஒரு பையன் அந்த ஆளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளி என்றே முடிவு கட்டிவிட்டான். இன்னொரு பிள்ளை கேட்டதுதான் என்னை இரண்டு நாளாகக் குடைகிறது: "இப்பத்தானே சார் சண்டை முடிஞ்சுது, கோடிக்கணக்குல செத்தாங்க, அதுக்குள்ள அவங்க கையிலேயே எப்படி சார் துப்பாக்கி குடுப்பாங்க?" பாடப்புத்தகத்தில் இருக்கிற இரண்டு வரியைச் சொன்னேன், அவள் முகத்தில் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டுச்சித்திரம் எழுதியது:

சார், உங்கள் மாணவி கேட்ட கேள்வியை அன்றைக்கு ஐரோப்பாவே கேட்டது. அதையே கேட்டுத்தான் கார்ட்டூனிஸ்ட்டுகள் ஐந்தாறு வருஷம் வரைந்து தள்ளினார்கள். முதலில் படத்தைப் பிரிப்போம்.

குஞ்சத் தொப்பி ஆள் நோயாளி இல்லை. அவர் பெயர் மிகெல். இங்கிலாந்துக்கு ஜான் புல், அமெரிக்காவுக்கு அங்கிள் சாம் மாதிரி ஜெர்மானியருக்கு மிகெல். தூங்கும்போது போடுகிற தொப்பியோடுதான் அவரை எப்போதும் வரைவார்கள். அப்பாவி, கொஞ்சம் மந்தம், தன்னைச் சுற்றி நடக்கிறது கடைசியில்தான் அவருக்குத் தெரியும். இதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் லண்டனிலோ மாஸ்கோவிலோ வரைந்த படமாக இருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் மிகெல் நிற்க மாட்டார், முள் வைத்த பழைய பிரஷ்யத் தொப்பியோ எஃகுத் தொப்பியோ போட்டு, தாடை இறுகி, பூட்ஸ் மாட்டிய ஒரு தளபதி நிற்பார். மிகெல் நிற்கிறார் என்றால் வரைந்தவர் ஜெர்மானியராக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது ஜெர்மனியை உள்ளிருந்து அறிந்தவர்.

சன்னலோரப் பெண் மரியான், அதாவது பிரான்ஸ். அந்த மடிந்த தொப்பி பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சின்னம். அவள் ஏன் கடைக்குள் வராமல் வெளியே நிற்கிறாள் என்பதில்தான் படத்தின் காலம் ஒளிந்திருக்கிறது, வருகிறேன்.

12 என்பது 12 டிவிஷன், அதாவது 12 பெரிய படைப்பிரிவு. மேற்கு ஜெர்மனி தரவேண்டிய படை என்று பேசப்பட்ட அளவு, ஆள் கணக்கில் ஏறத்தாழ 5 லட்சம். 1950 அக்டோபரில் பழைய ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் சிலர் ஹிம்மரோட் மடாலயத்தில் ரகசியமாகக் கூடி எழுதிய அறிக்கையிலும் இதே 12 வருகிறது, பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளிலும் அதே எண். அதனால் எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி. 1945-இல் பொட்ஸ்டாமில் வென்றவர்கள் எடுத்த முடிவு, ஜெர்மனியிடம் இனி எந்த ராணுவமும் இருக்கக் கூடாது என்பது. 1949 நவம்பரில்கூட புதிய மேற்கு ஜெர்மன் அரசு, எங்கள் நிலத்தில் படை இருக்காது என்பதில் உறுதியாக இருக்கிறோம் என்று பீட்டர்ஸ்பெர்க் உடன்பாட்டில் எழுதிக் கொடுத்தது. பிரதமர் கொன்ராட் அடினாவர் போட்ட கையெழுத்து. அதற்கு ஏழு மாதம் கழித்து, 1950 ஜூன் 25, கொரியாவில் போர் வெடித்தது. இரண்டாகப் பிரிந்த நாடு, ஒரு பாதி கம்யூனிஸ்ட், அந்தப் பாதி இன்னொன்றின்மேல் பாய்கிறது. வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு உடனே அதே மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடந்த ஜெர்மனி கண்ணில் பட்டது. அமெரிக்கப் படை கொரியாவுக்குப் போகிறது, ஐரோப்பாவில் சோவியத் படைக்கு எதிரே நிறுத்த ஆள் போதவில்லை. செப்டம்பரிலேயே அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ஆச்சிசன் நியூயார்க்கில் பிரிட்டன், பிரான்ஸ் அமைச்சர்களிடம் ஜெர்மன் டிவிஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பிரான்ஸ் பதறியது. எழுபது வருஷத்தில் மூன்று தடவை ஜெர்மன் படை உள்ளே வந்த நாடு அது. அமெரிக்காவுக்கு முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லவும் வழி இல்லை. அதனால் பிரதமர் ரெனே பிளெவன் 1950 அக்டோபர் 24 அன்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்: ஜெர்மன் வீரர்கள் இருக்கலாம், ஜெர்மன் ராணுவம் இருக்கக் கூடாது. சின்னச் சின்னப் பிரிவுகளாக அவர்களை ஒரு ஐரோப்பியப் படைக்குள் கரைத்துவிடுவது. அதுதான் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம். சோவியத்தைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெரியதாகவும் பிரான்ஸைப் பயமுறுத்தாத அளவுக்குச் சிறியதாகவும் ஒரு ஜெர்மன் படை வேண்டுமாம் என்று அன்று பலரும் பேசிக்கொண்டார்கள். 1952 மே 27 பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்மொழிந்த பிரான்ஸே இரண்டு வருஷம் இழுத்தடித்து 1954 ஆகஸ்ட் 30 அன்று நாடாளுமன்றத்தில் 319-க்கு 264 என்று அதைத் தோற்கடித்தது. தோற்கடித்த உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள்.

அதற்கப்புறம் இரண்டே மாதத்தில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஆந்தனி ஈடன் வேறு வழி கண்டுபிடித்தார். அக்டோபர் 23-இல் பாரிஸ் உடன்பாடுகள், 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில். கரைத்துவிடலாம் என்று நினைத்த படை, தனிப் படையாகவே வந்துவிட்டது.

உங்கள் படத்தில் மரியான் வெளியே நிற்கிறாள், உள்ளே அங்கிள் சாம் அளவெடுக்கிறார். என் கணிப்பு 1954 இலையுதிர் காலம். பிரான்ஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தும் தையல் நிற்கவில்லை என்கிற தருணம். 1950 செப்டம்பராகவும் இருக்கலாம், ஆனால் கோட்டு பாதி தைத்தாகிவிட்டது என்கிறீர்களே, அது எனக்கு 1954-ஐத்தான் சொல்கிறது.

வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள். இந்த வகைப் படங்களில் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதைக் கொடுக்கிற கை யாருடையது, கொடுக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கோபம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஜெர்மன்காரனை வரைந்திருப்பார்கள், அடி விழுவது வாஷிங்டனுக்கோ லண்டனுக்கோ.

இன்னொன்று. மேற்கு ஜெர்மனியிலேயே அன்று ஊரெல்லாம் புழங்கிய வாசகம் "ஓனே மிஷ்", "என்னை விட்டுவிடுங்கள், நான் வரவில்லை" என்று அர்த்தம். அண்ணன் தம்பியை ரஷ்யப் பனியில் புதைத்துவிட்டு வந்தவன், இடிந்த வீட்டுச் செங்கலைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தவன், அவனிடம் போய் மறுபடி யூனிஃபார்ம் போடு என்றால் என்ன சொல்வான்? உள்துறை அமைச்சர் குஸ்தாவ் ஹைனமன், அமைச்சரவையைக் கேட்காமல் அடினாவர் படை தருவதாகச் சொன்னதை ஏற்காமல் 1950 அக்டோபரில் பதவியையே விட்டார். வெளிநாட்டுக் கார்ட்டூன்களில் தொப்பிக்கு ஏங்கி நிற்கிற ஜெர்மானியனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நிஜத்தில் தெருவில் நின்றவன் அந்தத் தொப்பியைத் தொட விரும்பவில்லை. உங்கள் படத்தை வரைந்தவர் அவனைத்தான் வரைந்திருக்கிறார்.

மதிவாணி எழுதியது:

ஐயா படத்தைப் பிரித்துக் காட்டிய விதம் அருமை. கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டுக் கார்ட்டூனிஸ்ட்டுகள் ஜெர்மானியனைத் தவறாகப் பார்த்தார்கள் என்கிற மாதிரி வருகிறது. அவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா?

கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூஸிலாந்தில் பிறந்து லண்டனில் பேர் வாங்கியவர். 1936 ஜூலையில் அவர் வரைந்த ஒரு படம் இருக்கிறது. ஜனநாயக நாட்டுத் தலைவர்கள் வரிசையாகக் குனிந்து கிடக்கிறார்கள், ஹிட்லர் அவர்கள் முதுகுமேல் படி ஏறிப் போகிறான். முதல் முதுகில் எழுதியிருக்கும் சொல்லே "மறு ஆயுதம்". அடுத்தது ரைன்லாந்து, அதற்கடுத்து டான்சிக், அப்படியே மேலே போகிறது. அதை வரைந்தபோது லண்டனில் பெரிய மனிதர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை, 1937-இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்து கொஞ்சம் அடக்கி வரையச் சொல்லும் அளவுக்குப் போனது. அவர் பயந்தது அத்தனையும் நடந்தது. ஜெர்மானியர்கள் பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்ய வைத்திருந்த பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த வாசகன், பதினான்கு வருஷம் கழித்துக் காலையில் பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்தில் அதே சொல். அவன் வயிற்றில் என்ன ஓடியிருக்கும்?

விக்கி என்ற கார்ட்டூனிஸ்ட் இன்னும் நெருக்கம். இயற்பெயர் விக்டர் வைஸ். பெர்லினில் பிறந்த யூதர், சின்ன வயதிலேயே அங்கே பத்திரிகையில் ஹிட்லருக்கு எதிராக வரைந்தவர், 1935-இல் தப்பி லண்டன் வந்தார். 1954-இல் டெய்லி மிரர் பத்திரிகையில் சேர்ந்தார், அதே வருஷம்தான் பிரிட்டனின் லேபர் கட்சி இந்தப் பிரச்சினையில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜெர்மனிக்குப் படை தரலாம் என்ற கட்சித் தலைமை ஸ்கார்பரோ மாநாட்டில் மயிரிழையில் ஜெயித்தது. அதை எதிர்த்த அனூரின் பெவான் அணியோடு நெருக்கமாக இருந்தவர் விக்கி. அப்படிப்பட்டவரிடம் போய் "இது வேறு ஜெர்மனி, மிகெல் பாவம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எஃகுத் தொப்பி வெறும் பழக்கதோஷம் இல்லை ஐயா. ஹான்ஸ் ஸ்பைடல், அடால்ஃப் ஹாய்சிங்கர் இருவரும் ஹிட்லர் படையின் ஜெனரல்கள். நீங்கள் சொன்ன ஹிம்மரோட் கூட்டத்தில் இருவரும் இருந்தார்கள். 1957-இல் ஹாய்சிங்கர் புதிய படையின் முதல் தலைமைத் தளபதி, ஸ்பைடல் மத்திய ஐரோப்பாவில் நேட்டோ தரைப்படைக்கே தளபதி, அவருக்குக் கீழே பிரெஞ்சு வீரர்கள். ஸ்பைடல் ஹிட்லருக்கு எதிரான சதியில் சந்தேகிக்கப்பட்டு சிறையில் இருந்தவர் என்பதும் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஆக்கிரமிக்கப்பட்ட பாரிஸில் அவர் யூனிஃபார்மில் நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த அலமாரிக் கதவு பாதி திறந்திருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாரே, என் கண் அங்கேயேதான் நிற்கிறது.

பிள்ளைகளுக்கு இன்னொரு படமும் காட்டுங்கள் சார். 1919 மே, முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிமேல் சுமத்திய வெர்சாய் ஒப்பந்தம், வில் டைசன் என்கிற ஆஸ்திரேலியர் டெய்லி ஹெரால்டில் வரைந்தது. வென்ற தலைவர்கள் மண்டபத்திலிருந்து வெளியே வருகிறார்கள், முன்னால் "புலி" என்று பெயரெடுத்த பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோ. தூணுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழந்தை உடம்பில் துணியில்லாமல் சுவரோடு சாய்ந்து அழுகிறது. "என்னவோ குழந்தை அழுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருக்கே" என்கிறார் கிளெமன்சோ. குழந்தையின் தலைக்கு மேல் எழுதியிருப்பது "1940 வகுப்பு", அதாவது 1940-இல் பட்டாளத்துக்குப் போகும் வயது வரப்போகிற தலைமுறை. தோற்றவனை எப்படி நடத்துகிறோம் என்பதில் அடுத்த போர் இருக்கிறது என்று இருபது வருஷம் முன்னாலேயே ஒரு மனிதர் வரைந்துவிட்டார். இந்தப் படத்தை முதல்முறை பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈப்போ_குமரன் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜெர்மனியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதே வருஷங்களில் ஜப்பானுக்கும் இதே கதைதானே? எங்கள் பாட்டியின் அண்ணன் தோட்டத்திலிருந்து போர்க்காலத்தில் ஜப்பான் படை போட்ட சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவே இல்லை. மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. அதனால் 1950-இல் ஜப்பான் கையில் மறுபடி துப்பாக்கி என்றால் எங்கள் வீட்டில் அது செய்தி இல்லை, நடுக்கம்.

அங்கே நடந்தது இன்னும் சுற்றுவழி. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தரை, கடல், வான் படை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. கொரியப் போர் தொடங்கி இரண்டே வாரத்தில், 1950 ஜூலை 8, ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படைக்குத் தலைவராக இருந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் கடிதம் எழுதி 75,000 பேர் கொண்ட போலீஸ் ரிசர்வ் ஒன்றை உருவாக்கச் சொன்னார். பெயர் போலீஸ். பின்னால் அதற்கு டாங்கி வந்தபோது அதை டாங்கி என்று அழைக்கவில்லை, "சிறப்பு வண்டி" என்றார்கள். 1954 ஜூலை 1-இல் அது தற்காப்புப் படை ஆனது. 1953 நவம்பரில் டோக்கியோவுக்கு வந்த துணை அதிபர் நிக்ஸன், 1946-இல் ஜப்பானை நிராயுதமாக்கியது அமெரிக்கா செய்த தவறு என்று மேடையிலேயே சொன்னார். சொன்னவர் நாட்டுக்காரர்கள்தான் அந்தச் சட்டத்தை எழுதியதும்.

ஜெர்மனிக் கார்ட்டூனில் எஃகுத் தொப்பியைப் போட்டால் வாசகனுக்குப் புரிந்துவிடும். ஜப்பானில் சொல்லையே மாற்றிவிட்டார்கள், அதை எப்படிக் கோட்டில் கொண்டுவருவது? இதற்கு நல்ல உதாரணப் படங்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுச்சித்திரம் எழுதியது:

மதிவாணி அம்மா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பயந்தவர்களைக் குறை சொல்ல நினைத்து எழுதவில்லை, எழுதிய விதம் அப்படி விழுந்துவிட்டது. விக்கியின் இடத்தில் நான் இருந்தாலும் தொப்பியைத்தான் வரைந்திருப்பேன்.

ஆனால் மாஸ்கோ படங்களை லண்டன் படங்களோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. க்ரோகொடில் என்ற சோவியத் நகைச்சுவை இதழ், கார்ட்டூனிஸ்ட் போரிஸ் யெஃபீமவ், அப்புறம் "குக்ரினிக்ஸி" என்று ஒரே கையெழுத்துப் போட்ட மூன்று ஓவியர்கள். இவர்களும் அடினாவரையும் ஜெனரல்களையும் டாலர் மூட்டையையும் விடாமல் வரைந்தார்கள். கைத்திறனில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் விசாரணையை நேரில் உட்கார்ந்து வரைந்தவர்கள், அவர்கள் நாட்டில் செத்தவர்கள் கணக்கு எல்லாரையும் விட அதிகம், அந்த வேதனை பொய் இல்லை. இருந்தாலும் அதே நேரத்தில் கிழக்கு ஜெர்மனியில் சோவியத் யூனியனே படை கட்டிக்கொண்டிருந்தது. 1952-இலிருந்து "முகாம் போலீஸ்" என்று பெயர், குமரன் சொன்ன ஜப்பான் கதை மாதிரியே. 1956 மார்ச் 1-இல் அதுவே வெளிப்படையாக ராணுவம் ஆனது. அந்தப் பக்கம் திரும்பி ஒரு கோடு போட மாஸ்கோவில் யாருக்கும் அனுமதி இருந்திருக்காது. யெஃபீமவின் சொந்த அண்ணன் மிகயீல் கோல்த்ஸவ் ஸ்டாலின் காலத்தில் சுடப்பட்டவர் என்பதை நினைத்தால் ஏன் என்று புரியும்.

தையல் என்று பேச்சு வந்ததால் ஒன்று. மேற்கு ஜெர்மன் படைக்குக் கொடுத்த முதல் யூனிஃபார்ம் பழையதோடு எந்த ஒட்டும் இருக்கக் கூடாது என்று சாம்பல் நிறத்தில் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்துத் தைத்தது, எஃகுத் தொப்பியும் அமெரிக்க வடிவம். பழைய ஹிட்லர் படை உடுப்பின் வெட்டு அப்படியே தெரிந்தது கிழக்கு ஜெர்மன் உடுப்பில்தான். 1955 நவம்பர் 12-இல் மேற்கு ஜெர்மன் தலைநகர் பானில் ஒரு வண்டிக் கொட்டகையில் முதல் 101 பேருக்குப் பாதுகாப்பு அமைச்சர் தியோடர் பிளாங்க் நியமனச் சான்று கொடுத்தபோது யூனிஃபார்ம் எல்லாருக்கும் தயாராகவில்லை. வந்தவர்களில் பலர் சாதாரண கோட்டும் டையும் போட்டு நின்றார்கள்.

செங்கதிர்_வகுப்பறை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லி, ஜெராக்ஸைக் கையில் கொடுத்துச் சுற்றவிட்டேன். கொடுக்கிற கையைப் பாருங்கள் என்று ஐயா சொன்னதைச் சொன்னதும் ஒருவன் உடனே பிடித்துவிட்டான்: மிகெல் தன் கையைத் தானாக விரிக்கவில்லை சார், தையல்காரர்தான் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறார் என்றான். நான் பத்துத் தடவை பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

அலமாரிக் கதவைப் பற்றி இரண்டு கட்சி ஆகிவிட்டது. பழையது வெளியே வரப் பார்க்கிறது என்று பாதிப் பேர், சாத்த மறந்துவிட்டார்கள் என்று பாதிப் பேர். மணி அடித்தும் நிற்கவில்லை.

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வந்து படத்தின் அடிப்பக்கம், கிழிசலுக்கு ஒட்டி, விரல் வைத்துக் காட்டினாள். மிகெலின் காலில் பூட்ஸ் இல்லை, வீட்டில் போடுகிற துணிச் செருப்பு. ஒன்றுதான் இருக்கிறது. மற்றக் கால் கிழிந்த பகுதியில் போய்விட்டது.

இந்தப் படத்தின் முழுப் பிரதி எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து இங்கே சொல்லுங்கள். அடியில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.